சஃபையர் வளாகம்: தொடர் காட்சியை எப்படிக் கணக்கெடுப்பது?

மவுண்ட்ரோடு64:
சென்னை மவுண்ட் ரோட்டில் 1964-ல் திறந்த சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட் ஆகிய மூன்று அரங்குகளிலும் ஓடிய படங்களை வாரவாரியாகத் தொகுக்கிறேன். இரண்டு இடத்தில் நிற்கிறேன். புளூ டயமண்டின் தொடர் காட்சியை ஒரு நாளைக்கு எத்தனை காட்சி என்று எழுதுவது? சஃபையரின் முதல் படமான கிளியோபாட்ரா எந்த நீளத்தில் ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பால்கனி:
புளூ டயமண்டுக்குக் காட்சி எண்ணிக்கை போடாதீர்கள். டிக்கெட் எடுத்தவர் எந்த நேரத்திலும் உள்ளே போகலாம்; பாதியில் உட்கார்ந்து, படம் சுற்றி வந்து அதே இடத்தைத் தொடும்வரை பார்க்கலாம். அதனால் "சுற்று" என்று எழுதுங்கள். அரசின் செய்திப்படம் அன்று கட்டாயம், அதையும் சேர்க்க வேண்டும். படம் 100 நிமிடம், செய்திப்படமும் டிரெய்லரும் 15 நிமிடம் என்றால் ஒரு சுற்று 115 நிமிடம். அரங்கு 11 மணி நேரம் ஓடினால் ஐந்தே முக்கால் சுற்று வரும். இந்த முறைக்குப் பொருந்தியவை குட்டையான ஆங்கிலப் படங்கள்தான். மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு நடுவில் நுழைந்தால் கதை பிடிபடாது.

கார்பன்குச்சி:
ஆபரேட்டருக்குத் தொடர் காட்சி கடினமான வேலை. 35 எம்.எம். அகல பிலிமில் 2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். முடிவு நெருங்கும்போது திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தெரியும். உடனே அடுத்த ரீல் ஏற்றிய இன்னொரு புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். ஓடி முடிந்த ரீலை அந்த 22 நிமிடத்துக்குள் திருப்பிச் சுற்றிவிட வேண்டும். அவசரத்தில் இறுக்கி இழுத்தால் சுருளுக்குள் பிலிம் பிலிமோடு உரசும், கோடு விழும். பிரிண்டில் "மழை பெய்வது", அதாவது திரையில் கோடு கோடாகத் தெரிவது, இப்படித்தான் தொடங்கும். புரொஜெக்டர் விளக்கில் எரியும் இரண்டு கார்பன் குச்சிகளின் இடைவெளி நகர்ந்தால் திரை பழுப்பாகவோ நீலமாகவோ மாறும்.

கிளியோபாட்ராவுக்கு வருகிறேன். முதலில் வெளியான வடிவம் நாலு மணி நேரத்துக்கு மேல். பிறகு வெட்டிய பதிப்பு 192 நிமிடம். தணிக்கைச் சான்றிதழில் இருக்கும் பிலிம் நீளத்தின் அடிக்கணக்கை, எந்த அகல பிலிம் என்று பார்க்காமல் அப்படியே நம்பி வகுத்துவிடாதீர்கள். 35 எம்.எம். நிமிடத்துக்கு 90 அடி, 70 எம்.எம். 112.5 அடி. 192 நிமிடப் பதிப்பு 70 எம்.எம்.மில் 21,600 அடி. அதை 90-ஆல் வகுத்தால் சரியாக 240 நிமிடம் வரும்! வெட்டிய பதிப்பை முழுப் படம் என்று எழுதிவிடுவீர்கள்.

மவுண்ட்ரோடு64:
இந்தக் கண்ணி எனக்குத் தெரியவே இல்லை, நன்றி. சான்றிதழ் கிடைக்காவிட்டால்?

பால்கனி:
விளம்பரத்தில் ஒரு காட்சி தொடங்கி அடுத்த காட்சி தொடங்கும்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நாலு மணி நேரத்துக்குள் இருந்தால் முழு வடிவத்துக்கு இடமே இல்லை. இடைவேளை வேறு இருக்கிறது. மறுவெளியீடுகளைத் தனிப் பத்தியில் வையுங்கள். 70 எம்.எம்.மில் வந்த படமே 35 எம்.எம். பிரிண்டில் திரும்ப வருவதுண்டு. விளம்பரத்தில் "70 எம்.எம்." என்று அச்சாகியிருக்கும் வாரங்களுக்கு மட்டும் அந்தக் குறியைப் போடுங்கள்.