பார்க்குக்கு ஒரு நாள் போறதுக்கு வீட்டிலிருந்து என்ன கட்டலாம்? (11 பேர், தக்கலையிலிருந்து)

தக்கலை_டெம்போ கேட்டது:

அண்ணன்மாரே, அக்காமாரே, மே மாசம் லீவில் திருவனந்தபுரம் தாண்டி ஒரு தண்ணி பார்க்குக்கு டெம்போவில் போறோம். பெரியவங்க எட்டு, பிள்ளைகள் மூணு. சின்னவனுக்கு நாலு வயசு. அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடுறார். காலை ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பணும். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம், பச்சப்பிள்ளை சாப்பாடு மட்டும் பரவாயில்லை, வெளியே வந்து சாப்பிட்டுட்டுத் திரும்ப உள்ளே போகலாம் என்று போனில் சொன்னாங்க. ஆக எல்லாம் வண்டியில்தான் இருக்கும். எது கெடாது, எவ்வளவு கட்டணும், எப்படிக் கட்டணும்? சிப்ஸும் பிஸ்கட்டும் வாங்கிக்கோ என்று மட்டும் சொல்லாதீங்க.

கல்யாணவீட்டு_அடுப்பு எழுதியது:

முதலில் வண்டியைப் பற்றி. மே மாச வெயிலில் மூடி நிறுத்தின வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிப் போகும். சமைத்த சாப்பாட்டில் கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான். சாதாரண நாளில் வெளியே வைத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கணக்கு. 32 டிகிரிக்கு மேலே போனால் ஒரு மணி நேரம்தான். அதனால் ஈரமும் பச்சைத் தேங்காயும் உள்ளது காலையிலேயே தீரணும், புளியும் எண்ணெயும் தாங்குறது மதியத்துக்கு, காய்ந்தது சாயங்காலத்துக்கு. இந்த வரிசையில் கட்டினால் பாதிக் கவலை போச்சு.

காலைக்கு இட்லி. ஆளுக்கு நாலு, ஆக 45 போதும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், ஆறு மணிக்கு அரைத்தது ஒன்பதரைக்கே நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். பதிலுக்கு நம்ம ஊர் சம்மந்திப்பொடி. ஒரு முழுத் தேங்காயைத் துருவி, வற்றல் மிளகாய் எட்டு, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) அஞ்சாறு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை சேர்த்துச் சின்னத் தீயில் வறுக்கணும். அரை மணி நேரம் கை ஓயாமல் கிளறணும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும், அந்த ஈரம்தான் இரண்டாம் நாள் காறல் வாடைக்குக் காரணம். காப்பிப்பொடி நிறம் வந்ததும் நெல்லிக்காய் அளவு புளி, உப்பு போட்டு இறக்கி, நல்லா ஆறின பிறகு பொடிக்கணும். சூட்டோடு மிக்சியில் ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். இட்லி ஆறினதும் நல்லெண்ணெய் தடவி, இந்தப் பொடியைப் புரட்டி அடுக்குங்க. ஒட்டாது, தனியாகக் கிண்ணமும் வேண்டாம்.

மதியத்துக்குப் புளிச்சாதம். அரிசி ஒரு கிலோ, பொன்னி நல்லது. நம்ம சிவப்புச் சம்பா அரிசி ஆறினால் தடித்துப்போய் புளி உள்ளே இறங்காது. புளி 150லிருந்து 200 கிராம், நல்லெண்ணெய் 250 மில்லி. புளிக்காய்ச்சலை முந்தின நாள் ராத்திரியே செய்துவிடலாம், எண்ணெய் மேலே தனியாகத் தெளிந்து நிற்கிற வரை கொதிக்கணும், அதுக்கு முன்னாடி இறக்கினால் தண்ணி மிச்சம் இருக்கும். சாதத்தைக் காலையில் வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நாலு கரண்டி எண்ணெய் ஊற்றி, விசிறி போட்டு இருபது நிமிஷம் ஆறவிடணும். எல்லாரும் தப்புவது இங்கேதான். நேரமாகிவிட்டது என்று ஆவி பறக்கப் பறக்க டிபனில் அடைத்து மூடுவாங்க. ஆவி மூடியில் பட்டுத் தண்ணியாகச் சொட்டும், நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும், அரிசியில் சமையலுக்கும் தப்பிப் பிழைக்கிற ஒரு கிருமி உண்டு, அதுக்கு அந்த இளஞ்சூடு போதும். நிலக்கடலையை வறுத்துத் தனிப் பொட்டலமாக வைத்து, சாப்பிடும்போது தூவுங்க. முதலிலேயே போட்டால் ஊறி நமுத்துப்போகும்.

அவித்த முட்டை வேண்டாம். மூடின வண்டியில் நாத்தம் ஒரு பக்கம். ஓட்டோடு இருக்கு, தாங்கும் என்று நினைப்பதும் தப்பு, அவிக்கும்போது ஓட்டின் மேல்பூச்சு போய்விடுவதால் பச்சை முட்டையை விட அது சீக்கிரம் கெடும்.

தக்கலை_டெம்போ:

பிள்ளைகள் புளிச்சாதம் தொடாது. தயிர்ச்சாதம் ஆகுமா?

கல்யாணவீட்டு_அடுப்பு:

ஆகும், ஆனால் தயிரை ஊற்றிக் கட்டக்கூடாது. ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறவைத்த பால் இரண்டு டம்ளர் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் அரைக் கரண்டி தயிர் மட்டும் சேர்க்கணும். வெயிலில் பாலே உறைந்து மதியத்துக்குத் தயிர்ச்சாதமாகிவிடும். கூடத் தயிர் விட்டால் பதினோரு மணிக்கே புளிக்கும். உப்பு சாப்பிடும்போது. மாதுளை, திராட்சை, பச்சை வெங்காயம் எதுவும் சேர்க்காதீங்க, தண்ணி விடும். மதியம் தொட்டுப் பார்த்துக் கொழகொழவென்று நூல் விட்டால் யோசிக்காமல் கொட்டிருங்க.

ஆஸ்பத்திரி_ட்யூட்டி எழுதியது:

சுகர் உள்ளவர் விஷயம் மட்டும் சொல்லுதேன், மற்றதை அண்ணன் சொல்லிட்டார்.

இன்சுலினை டேஷ்போர்டில் வைக்கக்கூடாது, ஐஸ்கட்டி மேலேயும் வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் மறுபடி இளகினாலும் வேலை செய்யாது. துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கூலரின் ஓரத்தில் ஐஸ் படாமல் வையுங்க. அதைவிட நல்லது, ஆளோடேயே உள்ளே போகிற பை.

ஊசி போட்டால் சாப்பாடு தள்ளிப்போகக்கூடாது. பார்க்கில் வரிசையில் நின்றே மணி ஓடிவிடும், வெளியே வண்டிக்கு நடந்து வரவும் நேரமாகும். அதனால் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் பேசுங்க, இன்சுலின் போடுறவர் கொஞ்சம் தின்பண்டம் வைத்துக்கொள்ளணும் என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வாங்க. பையில் இரண்டு விஷயம் கட்டாயம். ஒண்ணு, குளுக்கோஸ் அல்லது சீனி. சுகர் இறங்கினால் 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். ஏறலையென்றால் இன்னொரு தடவை அதே அளவு. சாக்லேட் இதுக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு இனிப்பை ரத்தத்தில் சேரவிடாமல் இழுத்தடிக்கும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. தண்ணி பார்க்கில் கவனிக்கவேண்டியது ஒண்ணு இருக்கு: சுகர் இறங்கினால் குப்பென்று வியர்க்கும், உடம்பே நனைந்து கிடக்கும்போது அது தெரியாது. கை நடுங்குதா, பேச்சு குழறுதா, சம்பந்தமில்லாமல் எரிச்சல்படுறாரா என்று பாருங்க.

இரண்டாவது, கறுப்புக் கடலைச் சுண்டல். அரைக்கிலோ காய்ந்த கடலை வெந்தால் ஒரு கிலோவுக்கு மேலே வரும், எல்லாருக்கும் ஆகும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் அஞ்சாறு விசில். வெந்த தண்ணியை ஒரு சொட்டு விடாமல் வடித்து, தாளித்த பிறகும் அஞ்சு நிமிஷம் சட்டியில் புரட்டி உலர்த்துங்க. தேங்காய்த்துருவல், மாங்காய் கூடாது. ஆனாலும் காலை பதினொண்ணுக்குள் தின்று தீர்க்கவேண்டிய சாமான்தான் அது, சாயங்காலம் வரை தாங்காது.

நாலு வயசுப் பிள்ளைக்கு முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை, கடிச்சு உடைக்கிற மிட்டாய் வேண்டாம். ஓடிக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழாயில் போகும். கடலையை மசித்துக் கொடுங்க.

வடசேரி_பலகாரம் எழுதியது:

சாயங்காலத்துக்கு முந்திரிக்கொத்து இருக்கும்போது வேறென்ன யோசனை? பத்து நாள் கெடாது, நொறுங்காது, சூட்டில் உருகாது. அந்தப் பதினொரு பேருக்கு அரைக்கிலோ பயறு போட்டால் தின்று மிச்சம் வரும்.

சிறுபயறு 500 கிராமை மணம் வரும் வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து, கொரகொரப்பாகத் திரிக்கணும். நைஸ் மாவானால் உருண்டை மேல்வாயில் ஒட்டும். எள் 50 கிராம், அரை மூடித் தேங்காய்த் துருவல், ஏலக்காய் எட்டு, ஒரு துண்டு சுக்கு. தேங்காயை ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுக்கணும், பூசணம் பிடிக்குதென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இடத்தில்தான் குறை. சர்க்கரை, அதாவது வெல்லம், 400 கிராம் (கருப்பட்டி என்றால் இன்னும் ருசி, மண் இருக்கும், கட்டாயம் வடிகட்டணும்). பாகு கிண்ணத் தண்ணியில் விட்டால் கரையாமல் விரலுக்குள் உருளணும். அதுக்கு முந்தி இறக்கினால் உருண்டை உட்கார்ந்துவிடும், தாண்டிவிட்டால் பல்லுக்கு வேலை. மாவில் பாகைக் கொட்டிக் கிளறி, சூடு பொறுக்கிற அளவில் நெல்லிக்காய் அளவு உருட்டணும், இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் முடியும், ஆறிவிட்டால் உதிரும்.

உருண்டையை ராத்திரி முழுக்க மூடாமல் உலரவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவு 200 கிராம், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, மூணு மூணாக முக்கிப் பொரிக்கணும். எண்ணெயில் வெடிச்சு சர்க்கரை வெளியே வந்தால் மேல்மாவு தண்ணியாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு கைப்பிடி அரிசிமாவு சேர்த்தால் சரியாகும். பொரித்ததும் நாலு மணி நேரம் தாளில் படாமல் கம்பித்தட்டில் ஆறவிட்ட பிறகே டின்னில் போடுங்க.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வேண்டாம்னு சொன்னீங்க, சரி. கொண்டுபோனால் ஒரு பெரிய பாக்கெட்டைப் பிரிக்காதீங்க, 100 கிராம் பொட்டலம் நாலஞ்சு. காற்று பட்டால் அரை மணியில் நமுத்துவிடும்.

பழத்துக்கு நம்ம மட்டி வாழைப்பழம். பிள்ளை கைக்கு அளவு, ஒரு வேளைக்கு ஒண்ணு. தோல் மெல்லிசு, அதனால் பழத்தைப் பிய்க்காமல் சீப்பாகவே, காம்பு மேலே வரும்படி, எல்லாச் சாமானுக்கும் மேலே வையுங்க. பிய்த்துப் பையில் போட்டால் காம்புப்பக்கம் கிழிந்து கறுத்து ஈ மொய்க்கும். முந்தின நாள் வாங்கும்போது கொஞ்சம் கெட்டியாக, காம்பில் பச்சை நிற்கிற சீப்பைப் பார்த்து எடுங்க.

கல்யாணவீட்டு_அடுப்பு:

அக்கா சொன்னதோடு ஒண்ணு. பழபஜ்ஜி, உளுந்தவடை என்று சூடாக எண்ணெய்ப் பலகாரம் தின்றுட்டுச் சுத்துற ராட்டினத்தில் ஏறினால் வயிறு திரும்பும். மதியச் சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரமாவது சுத்துறதிலும் குலுக்குறதிலும் ஏறவேண்டாம், சும்மா தண்ணியில் உட்காரலாம். வண்டியிலேயே குமட்டுற ஆளுக்கு இஞ்சிமிட்டாய் உதவும்.

இலை_கட்டு எழுதியது:

கட்டுகிற விதம். வாழையிலையை அடுப்புத் தீயில் முன்னும் பின்னும் வாட்டுங்க, பச்சை மங்கி மினுங்கத் தொடங்கினால் போதும், அப்புறம் எப்படி மடக்கினாலும் கிழியாது. வாட்டாத இலை மடிப்பில் கீறி எண்ணெய் ஒழுகும். ஆளுக்கொரு பொதியாகக் கட்டினால் தட்டு, கரண்டி, கழுவுகிற வேலை மூணும் இல்லை. வெளிச்சுற்றுக்குப் பேப்பர் போடலாம், சோறு அதில் படக்கூடாது. அச்சு மையில் ஈயம் உண்டு, உணவுப் பாதுகாப்புத் துறையே கூடாது என்று சொல்லியிருக்கு. பிளாஸ்டிக் கவரும் கப்பும் எடுக்காதீங்க, தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தும் கேரளாவில் 2020 ஜனவரியிலிருந்தும் தடை, எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டினாலும் அதே கதைதான்.

கூலர் பெட்டி இருந்தால் ஐஸ் வாங்க வேண்டாம். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணியோ உப்புப்போட்ட மோரோ ஊற்றி முந்தின ராத்திரி ஃப்ரீசரில் வையுங்க. நிறைய ஊற்றினால் உறையும்போது பெருகி மூடி பிளக்கும். அஞ்சாறு பாட்டிலைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுக்கு மேலே வைக்கணும், கீழே வைத்தால் பயன் குறைவு, குளிர் கீழ்நோக்கித்தான் இறங்கும். பெட்டியை டிக்கியில் போடாமல் சீட்டுக்கடியில் தள்ளி, மேலே ஒரு போர்வை மூடி, வண்டியை நிழல் பார்த்து விடுங்க. மதியம் உருகின மோரைக் குடித்துக்கொள்ளலாம்.

குடிதண்ணி 20 லிட்டர் கேன் ஒண்ணு, ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு. தண்ணிக்குள்ளேயே நிற்பதால் தாகம் தெரியாது, சாயங்காலம் தலைவலி வருவது அதனால்தான். ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வைத்திருங்க, பாக்கெட்டில் எழுதின அளவுத் தண்ணியில்தான் கரைக்கணும். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பு கூடினால் பிள்ளைகளுக்கு ஆகாது, கண்ணளவாகப் போடாதீங்க.

தக்கலை_டெம்போ:

எல்லாருக்கும் நன்றி. சீட்டு எழுதிட்டேன். புளிச்சாதம் மிச்சம் வந்தால் ராத்திரி வீட்டில் சூடாக்கிச் சாப்பிடலாமா? அம்மா கொட்ட விடமாட்டா.

கல்யாணவீட்டு_அடுப்பு:

வேண்டாம். வெயிலில் கிடந்த சோற்றில் கிருமி விட்டுப்போகிற விஷம் சூடாக்கினாலும் போகாது. அதுக்குப் பதிலாக அளவைக் குறைங்க: பிள்ளைகளுக்குத் தயிர்ச்சாதம் தனியாக வருது, ஆக ஒரு கிலோ வேண்டாம், எட்டுப் பேருக்கு 800 கிராம் அரிசி போதும். புளிக்காய்ச்சலை மட்டும் முழு அளவுக்குச் செய்து, மிச்சத்தை வீட்டில் பாட்டிலில் வைத்துவிட்டுப் போங்க. ராத்திரி வந்து சுடுசோறு வடித்துக் கலந்துக்கலாம்.