மழை வந்தாலே லீவு போடும் பையன், சிக்கிள் செல் (அரிவாள் அணு ரத்தசோகை) நோய் என்கிறார்கள். பள்ளியில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

கூடலூர் டீச்சர்:
வணக்கம். இங்கே ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பணியர் பையன், கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் ஜூனில் மழை பிடித்துவிட்டால் முழங்கால் வலி, கை வலி என்று சுருண்டு படுத்துவிடுகிறான். இரண்டு மூன்று நாள் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்காருவான். நடிக்கிறான் என்று பி.டி. சார் மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறார். படுக்கையை நனைக்கிறான் என்று விடுதியில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. போன வாரம் அவன் அம்மா ஒரு அட்டையைக் காட்டினார், சிக்கிள் செல் நோய், எஸ்எஸ் என்று இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. இது ஒட்டுமா, மற்ற பிள்ளைகளோடு படுக்க வைக்கலாமா என்று வார்டன் கேட்கிறார். பையன் பள்ளியை விட்டு நின்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

கோத்தகிரி நர்ஸ்:
டீச்சர், முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. இந்த நோயில் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தேக்கிவைக்க முடியாது, அதனால்தான் படுக்கை நனைகிறது. தண்ணீர் குறைந்தால் அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்புதான் வலி. குளிர், மழையில் நனைவது, மூச்சு வாங்க ஓடுவது எல்லாமே அதைக் கிளப்பிவிடும். ராத்திரி ஒரு தடவை எழுப்பிவிடுங்கள், ஸ்வெட்டர், காய்ந்த துணி, குளிக்க வெந்நீர். வலிக்கிற இடத்தில் ஐஸ் வேண்டவே வேண்டாம், சூடாக ஒத்தடம் கொடுங்கள்.

ஒட்டாது. அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வருவது, அட்டையில் எஸ்எஸ் என்று இருப்பது அதைத்தான்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, இடது விலாவுக்குக் கீழே வயிறு வீங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் இவனுக்குக் கொடுக்காதீர்கள்.

பந்தலூர் அப்பா:
என் மகளுக்கும் இதேதான் டீச்சர். கண் மஞ்சளாக இருந்ததால் காமாலை என்றே எல்லாரும் சொன்னார்கள். இப்போது ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாள், வலி வருவது நன்றாகவே குறைந்திருக்கிறது. இது நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை, இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும், ஆனால் நிறுத்தக்கூடாது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பல வருடமாக இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிறார்கள், அம்மாவோடு யாராவது ஒருவர் கூடப் போங்கள். லீவில் வீட்டுக்குப் போகும்போதுதான் மாத்திரை நின்றுபோகும், பையில் வைத்து அனுப்புங்கள்.

மலைக்காரன்:
இதைப் படித்ததும் மனசு ஆறவில்லை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது 2023 ஜூலையில். இத்தனை வருடம் கழித்தும் வலியில் துடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஓட விடுகிறோம். அட்டை கொடுத்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து அவர்கள் பேச்சிலேயே விளக்கவேண்டும்.

அந்த அம்மாவை யாரும் குறை சொல்லவிடாதீர்கள். அப்பா, அம்மா இருவரும் வெறும் கடத்திகளாக, அதாவது இந்த நோயின் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் அவர்களுக்குப் பொதுவாக ஒரு தொந்தரவும் தெரியாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கூடலூர் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் விஷயத்தை வார்டனிடம் பேசிவிட்டேன், பி.டி. சாரிடம் நாளைக்குப் பேசுகிறேன். வருகைப்பதிவு, பரீட்சைக்கு ஏதாவது வழி உண்டா?

கோத்தகிரி நர்ஸ்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் இருக்கிறது. ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். அதுவரைக்கும் டாக்டர் சீட்டின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள், விட்டுப்போன பாடத்தை யாராவது ஒரு பையன் நோட்டைக் கொடுத்து எழுத வைக்கலாம்.