டாப்ளர் நார்மல், ஏ.பி.டி.டி. அதிகம்: ஏமாறும் இடங்கள்

லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவருக்கு இடது கால் தொடைவரை வீங்கியிருக்கும். கால் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரத்தக்கட்டி எதுவும் இல்லை என்று வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். இடுப்புக்குள் ஓடும் இலியாக் சிரையையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் குடல் வாயு மறைத்துவிடும். தொடை முழுக்க வீக்கம் என்றால் சி.டி. அல்லது எம்.ஆர். வீனோகிராம் (சிரைகளைக் காட்டும் படம்) எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்த சறுக்கல் ரத்தப் பரிசோதனையில். ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) நீண்டிருக்கும், பிளேட்லெட் 80,000 எனக் குறைந்திருக்கும். ‘ரத்தம் உறையவே நேரமாகிறதே’ என்று உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற ஆன்டிபாடி, சோதனைக் குழாயில் உறைவுக்குத் தேவையான பாஸ்போலிப்பிடை மறித்துக்கொள்வதால்தான் அந்தத் தாமதம்; உடம்புக்குள் அதே ஆன்டிபாடி கட்டியை உண்டாக்குகிறது. இதற்குப் போய் ‘ஆன்டிகோயாகுலன்ட்’, அதாவது உறைவைத் தடுப்பது, என்று பெயர் வைத்தவரை என்ன சொல்வது!

* * *

மேலே சொன்னதோடு இன்னொன்று. லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கான ரத்தத்தை முதல் ஹெப்பாரின் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரைகளான வார்ஃபரினும் ரிவராக்ஸபானும்கூட அந்த முடிவைக் குழப்பும். இதோடு சேர்த்துப் பார்க்கும் கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. எது பாசிட்டிவ் வந்தாலும் 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தொற்றுக் காய்ச்சலிலும் தற்காலிகமாக வந்து போகும்.

இந்த மூன்று சோதனையும் பாசிட்டிவ் என்றால் வார்ஃபரின்தான், ஐ.என்.ஆர். (வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்) 2 முதல் 3. இவர்களுக்கு ரிவராக்ஸபான் கொடுத்துப் பார்த்த ஆய்வை, பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்; முடிவு 2018இல் வெளியானது. வார்ஃபரின் தொடங்கும்போது ஹெப்பாரினை உடனே நிறுத்தக் கூடாது. வார்ஃபரினால் முதலில் குறைவது உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி. அதனால் குறைந்தது 5 நாள், ஐ.என்.ஆர். 2ஐத் தாண்டி ஒரு நாள் நிற்கும்வரை இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

வீட்டில் விரல் குத்தி ஐ.என்.ஆர். பார்க்கும் மீட்டர் இவர்களுக்குக் கூடுதலாகக் காட்டக்கூடும். 4.5 என்று காட்டினால், மாத்திரையைக் குறைக்கும் முன் சிரை ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாத ரத்தக்கசிவுக்குப் பயந்து மருந்தைக் குறைத்து, அடுத்த கட்டியை வரவழைத்த கதை இதில் சகஜம்.

* * *

ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் பெஹ்செட் நோயில் கணக்கே வேறு. அங்கே சிரையின் சுவர் அழன்று, கட்டி அதில் ஒட்டிக்கொள்கிறது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் அசாதயோபிரினும்தான் முதல் மருந்து. இருமலில் ரத்தம் வந்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பு என்று அவசரப்பட்டு ஹெப்பாரின் போடாதீர்கள். நுரையீரல் தமனியில் அனியூரிசம் (சுவர் பலவீனமாகிப் புடைத்த இடம்) இருந்தால் உயிருக்கே ஆபத்து. மார்பு சி.டி. ஆஞ்சியோ பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சே.