தணிப்பை அளக்கும்போது எங்கே பிசகும்? பெக்டரி மாடியும் தொங்குபாலமும்

பழைய தேயிலை பெக்டரிகளில் கொழுந்து வாட்டும் மேல்மாடிப் பலகைத் தளத்தின் தணிப்பை, அதாவது அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை, அளக்கக் குதிகால் சோதனையே போதும். ஒருவர் முன்பாதத்தில் எழும்பி நின்று குதிகால்களைச் சட்டென்று விடவேண்டும். ஆர்முடுகல்மானியை (அதிர்வைப் பதியும் கருவி) பலகையில் ஒட்டாதீர்கள், தளர்ந்த பலகை தன்பாட்டுக்கு ஆடும், தீராந்தியில் ஒட்டுங்கள். முதல் இரண்டு உச்சங்களை விட்டுவிடுங்கள், அவற்றில் உயர் மீடிறன்கள் கலந்திருக்கும். அடுத்த உச்சத்தை அதிலிருந்து 5 அலைவு தள்ளி வரும் உச்சத்தால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, 5 ஆலும் 2π ஆலும் வகுத்தால் தணிப்பு விகிதம். அவசரத்துக்கு, வீச்சம் பாதியாக எடுக்கும் அலைவுகளால் 0.11 ஐ வகுக்கலாம்: 5 அலைவு என்றால் 2.2 சதவீதம்.

உச்சங்களின் மடக்கையை வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். வளைந்தால் ஒற்றை எண் கொடுக்க வேண்டாம், எந்த வீச்சத்தில் எவ்வளவு என்று எழுதுங்கள். வீச்சம் ஒவ்வொரு அலைவுக்கும் ஒரே அளவால் குறைந்தால் அது ஆணி மூட்டின் உராய்வு. ஏறி இறங்கினால் பக்கத்துப் பக்கமாக இரண்டு மீடிறன்கள். வடிகட்டிப் பிரிக்காமல் மடக்கை எடுப்பது வீண். தளத்தில் நிற்கும் ஆளின் உடம்பும் தணிப்பைக் கூட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெறும் தளத்தின் மதிப்பு வேண்டுமென்றால் ஆளுக்குப் பதிலாகச் சின்ன மணல் மூட்டை ஒன்றை விழவிடுங்கள்.

* * *

மேலே எழுதிய அண்ணன் சொன்னது மாடிக்குச் சரி. ஆற்றுக்கு மேலே தொங்குபாலத்தில் ஆட்களின் நடமாட்டத்தையே வைத்து அரைவலு முறையில் (மீடிறன் வரைபடத்தில் உச்சத்தின் அகலத்தை மீடிறனின் இருமடங்கால் வகுத்து) தணிப்பை எடுப்பவர்கள் பதிவின் நீளத்தைக் கவனியுங்கள். மீடிறன் 2 ஹேட்ஸ், தணிப்பு 1 சதவீதம் என்றால் உச்சத்தின் 0.707 மட்டத்தில் அகலம் 0.04 ஹேட்ஸ்தான். 20 செக்கன் பதிவின் பிரிதிறனோ, அதாவது அது பிரித்துக் காட்டும் மிகச்சிறிய மீடிறன் இடைவெளியோ, 0.05. அதில் வரும் அகலம் பாலத்தினுடையது அல்ல, பதிவினுடையது. தணிப்பு உண்மையைவிடக் கூடிக் காட்டும். 5 நிமிடமாவது எடுங்கள். அதற்காக மணிக்கணக்கில் ஓடவிடவும் வேண்டாம்: வெயில் ஏற ஏறக் கம்பியின் இழுவை மாறும், மீடிறன் நகரும், உச்சம் மறுபடி அகலும். பனி கலையாத காலைதான் நல்லது, காற்றும் குறைவு.

* * *

பெக்டரியில் அரைவலு முறை பாவிப்பவர்களுக்கு ஒன்று. 24 ஹேட்ஸ் பக்கம் ஊசிபோல் உச்சம் வந்து 0.1 சதவீதத் தணிப்பு காட்டினால் நம்பவேண்டாம். நம் 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு, அதாவது செக்கனுக்கு 25 சுற்றுக்கு, கொஞ்சம் கீழேதான் ஓடும். வாட்டும் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். உச்சமும் கூடவே போனால் அது மோட்டார்.