டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதி: தண்டனை முடிந்த பிறகு எங்கே தேடுவது?

கேள்வி:
1830களில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் திருட்டுக்காக 7 வருடம் நாடு கடத்தப்பட்ட ஒருவரைத் தேடுகிறேன். விசாரணைப் பதிவு கிடைத்துவிட்டது, கப்பல் பெயரும் தெரியும், வான் டீமன்ஸ் லேண்டில் (டாஸ்மேனியாவின் பழைய பெயர்) இறங்கியிருக்கிறார். அப்புறம் ஒன்றுமே இல்லை. அதே பெயரில் நான்கைந்து பேர் வேறு வருகிறார்கள்.

பதில் 1:
பெயரை மட்டும் நம்பாதீர்கள், பெயரோடு கப்பலையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கே ஆவணங்களில் ஆளை அடையாளம் காட்டியதே கப்பல் பெயர்தான். டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் நடத்தைப் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. குடித்தது, வேலைக்கு வராதது, அதற்குக் கிடைத்த சவுக்கடி என்று ஒரு மனிதனின் வருடங்கள் பொடிப்பொடிக் கையெழுத்தில் ஒரே பக்கத்தில் கிடக்கும், படிக்கவே மனசு கனத்துப்போகும். உடல் அடையாளப் பதிவேட்டையும் விடாதீர்கள். உயரம், கண் நிறம், பச்சை குத்தியது எல்லாம் இருக்கும். பச்சை குத்திய முதலெழுத்துகள் சில சமயம் மனைவி, பிள்ளைகளுடையதாக இருக்கும்.

பதில் 2:
திருமண அனுமதி விண்ணப்பங்களைப் பார்த்தீர்களா? தண்டனைக் காலத்தில் கல்யாணம் செய்ய அரசு அனுமதி வேண்டும், அதிலும் கப்பல் பெயர் இருக்கும். விடுதலைச் சான்றிதழுக்குப் பிறகு தடம் மறைந்தால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பக்கம் தேடுங்கள், 1851இல் அங்கே தங்கம் கிடைத்ததும் ஏராளமான முன்னாள் கைதிகள் கடல் தாண்டிப் போனார்கள்.

கேள்வி கேட்டவர்:
திருமண விண்ணப்பம் என் நினைவுக்கே வரவில்லை! இன்று இரவே பார்க்கிறேன், நன்றி.