புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை அத்தையின் கீரைக்கடை

போன வாரம் எழுதியிருந்தேன், சாலையோரம் கீரை விற்கும் எங்கள் அத்தையின் தராசையும் நாலு கூடையையும் அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் தூக்கிப் போனார்கள் என்று. தராசு வந்துவிட்டது. கீரையும் வந்தது, ரெண்டு நாள் கழித்து, சாக்கிலிருந்து கறுத்த தண்ணீர் சொட்டச் சொட்ட.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் படித்தேன். அகற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும். எடுத்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். அழுகும் சரக்கைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அன்று சாயங்காலமே போய்க் கேட்டோம், பட்டியலே இல்லையாம்!

உழவர் சந்தைக்குப் போகலாமே என்றார்கள் சிலர். அது விளைவிக்கிறவர்களுக்கு. அத்தை செங்குன்றம் பக்கம் வாங்கி விற்கிறவர்.

சரி, தெருவோரம் விற்க அனுமதி தரும் விற்பனைச் சான்றிதழுக்கு மனு கொடுத்தாச்சு. அத்தை இன்று அதே இடத்தில்தான், மூன்றடி தள்ளி.