மறு: 'அவர் மீற்றர்' – மணிமானி என்றால் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கனடா நண்பர் தொடங்கிய இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். பாவித்த தோட்ட டிராக்டர் வாங்குவோருக்கான கையேடு ஒன்றை அவர் தமிழாக்குகிறார். அங்கே அது வீட்டுக்காரர் புல் வெட்டவும் பனி தள்ளவும் வைத்திருக்கும் சிறு வண்டி. எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்று காட்டும் 'அவர் மீற்றரு'க்குத் தமிழ் கேட்டார். இதுவரை வந்தவை மணிமானி, நேரமானி, ஓட்டமானி, உழைப்புமானி. அப்படியே 'அவர் மீற்றர்' என்று எழுதினால் "யார் அந்த அவர்?" என்று கேட்பார்கள் என்று ஒருவர் பகிடி விட்டிருந்தார். அது சரிதான்.

> மணிமானியே போதும். வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் அழகாக உட்காரும்.

அழகில் குறை இல்லை. ஆனால் கிளிநொச்சியில் அறுவடை நேரத்தில் 'மணிமானி' என்றால் நெல்மணியின் ஈரம் பார்க்கிற கருவி என்றுதான் நினைப்பார்கள். நெல் கொள்வனவில் 14 வீத ஈரப்பதம்தான் அளவுகோல் என்பதால் அந்தக் கருவி இங்கே எல்லோருக்கும் பழக்கம். 'ஓட்டமானி'யிலும் சிக்கல் உண்டு. எங்கள் விஞ்ஞானப் பாடநூல்களில் ஓட்டம் என்றால் முதலில் மின்னோட்டம்தான் நினைவுக்கு வரும்.

இதெல்லாம் சில்லறைப் பிரச்சினை. இந்தக் கருவி எதை எண்ணுகிறது என்று இழையில் இன்னும் யாரும் கேட்கவில்லை. பழைய மெசினில் அது எண்ணுவது ஒன்று, புதிய மெசினில் எண்ணுவது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கையேட்டை வாசித்து மெசின் வாங்குகிறவர் ஏமாறுவார்.

வன்னியில் நாலு சில்லு உழவு மெசின் என்றால் பலருக்கு முதலில் வாயில் வருவது மாசி பெர்குசன்தான். முதலில் 35 என்ற மொடல், பிறகு 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட 135, அதற்குப் பின் 240. அந்த வழிவந்த மெசின்களைச் சென்னை டாஃபே இன்றும் செய்கிறது. 35, 135 போன்றவற்றின் முகப்பில் வட்டமாக ஒரு மீற்றர் இருக்கும். எஞ்சின் வேகம், பின் தண்டின் (பூட்டிய கருவிகளைச் சுற்ற மெசினின் பின்னால் இருக்கும் சுழல் தண்டு) வேகம், மணி எல்லாம் அந்த ஒரே வட்டத்துக்குள். அதற்கு மின்சாரம் தேவையில்லை. எஞ்சினிலிருந்து ஒரு கேபிள் வந்து மீற்றரைச் சுற்றும், உள்ளே இருக்கும் பல்சில்லுகள் எண்ணைத் தள்ளும். அதாவது அது எண்ணுவது எஞ்சினின் சுற்றுகளை. தயாரிப்பாளர் ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு, அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் வரும் சுற்றுகளை 'ஒரு மணி' என்று கணக்கிட்டிருப்பார்.

கணக்குக்காக அந்த வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 90,000 சுற்றுக்கு மீற்றர் ஒரு மணி காட்டும். மெசினை 750 சுற்றில் சும்மா நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், கைக்கடிகாரத்தில் ஒரு மணி போகும்போது மீற்றர் அரை மணிதான் நகரும். 2,000 சுற்றில் உழுதால் கைக்கடிகாரத்தின் ஒரு மணிக்கு மீற்றர் ஒரு மணி இருபது நிமிடம் காட்டும்.

புதிய மெசின்களில் வருவது பெரும்பாலும் மின் மீற்றர். சிலவற்றில் திறப்பைப் போட்டதுமே எண்ணத் தொடங்கும். சிலவற்றில் எஞ்சின் ஓடி ஒயில் அழுத்தம் ஏறினால்தான் எண்ணும். இரண்டிலும் ஓடுவது கடிகாரம். 750 சுற்றோ 2,000 சுற்றோ அதற்கு ஒன்றுதான். முகப்பு முழுவதும் எலக்ட்ரொனிக் ஆன மெசின்களில் மட்டும் எந்த முறை என்பதைக் கையேட்டில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பழைய 135 ஒன்றில் 4,000, ஐந்தாறு வருடப் புது மெசின் ஒன்றில் 4,000 என்று இரண்டைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால், யாரோ மைலையும் கிலோமீற்றரையும் அலகு பார்க்காமல் ஒப்பிட்டது போலத்தான். தேய்மானத்தை அறியச் சுற்று எண்ணுகிற முறை ஒருவிதத்தில் நேர்மையானது, ஏனென்றால் பிஸ்டன் வளையமும் பெயரிங்கும் தேய்வது சுற்றால். வாடகைக் கணக்குக்குக் கடிகார முறைதான் வசதி. எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை, இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வேண்டும் என்கிறேன்.

என் முன்மொழிவு இது. பொதுச்சொல் ஓட்டமணி, 'மணி' சேர்வதால் மின்னோட்டம் என்ற மயக்கம் வராது. கேபிள் வழியாகச் சுற்றை எண்ணி வருவது சுற்றுமணி. மின் மீற்றர் நேரத்தை எண்ணி வருவது கடிகாரமணி. கருவிக்கு ஓட்டமணி மீற்றர். 'ஓட்டமணிமானி' என்று கட்டலாம்தான், ஆனால் கராஜில் ஒருவராலும் அதை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. மீற்றர் ஏற்கெனவே எங்கள் சொல்லாகிவிட்டது.

> உழைப்புமானி ஏன் கூடாது? மெசின் உழைத்த நேரம்தானே.

மட்டக்களப்பு அன்பரின் இந்தச் சொல் எனக்கு உண்மையில் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் 'மெசின் நல்லா உழைச்சுத் தந்தது' என்றால் காசு வந்தது என்று பொருள். உழைப்புமானியில் 4,000 என்றால் ரூபாயா என்று கேட்பார்கள். அதோடு, சும்மா நின்று புகை விட்ட நேரத்தையும் கடிகார மீற்றர் எண்ணிவிடும். அதை எப்படி உழைப்பு என்பது?

> சுற்றை எண்ணுகிறது என்றால் அதில் 'மணி' எதற்கு? சுற்றெண் என்று விடலாமே.

மீற்றரின் முகத்தில் மணி என்றுதானே அச்சிட்டிருக்கிறார்கள். ஒயில் மாற்றும் அட்டவணையும் மணியில்தான் இருக்கும். 90,000ஆல் பெருக்கி எழுத யாருக்கும் பொறுமை இராது. சுற்றுமணி என்றால் 'சுற்றால் கணித்த மணி' என்று விரித்துக்கொள்ளலாம்.

இனிக் கையேட்டில் இந்தச் சொற்களோடு சேர வேண்டிய ஓர் எச்சரிக்கை. பழைய மெசினில் நீங்கள் காணும் எண் பல நேரம் எந்த மணியும் அல்ல. கேபிள் அறுந்தால் எண் அப்படியே நின்றுவிடும், மெசின் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு இலக்க மீற்றராக இருந்தால் 9,999 தாண்டிப் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கும். வன்னிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 2009க்குப் பின் மீளக்குடியேறியபோது சிதைந்து கிடந்த மெசின்களிலிருந்து பொருத்தி எடுக்கப்பட்டவை பல. ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் கியர்ப்பெட்டி, மூன்றாவதன் முகப்பு. அந்த மீற்றர் சொல்வது வேறொரு மெசினின் கதை. புதியதில் மட்டும் என்ன வாழுதாம்? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 900 மணி என்று காட்டி விற்ற மெசினில் கிளச் பெடலின் றப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. முகப்பை மாற்றியிருக்கிறார்கள்.

அதனால்தான் இங்கே மெக்கானிக் அண்ணைமார் மீற்றரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "தம்பி, மீற்றரை விடு, துளையைப் பார்" என்பார்கள். பெட்டி (டிரெயிலர்) கொளுவும் இழுவைத் தட்டின் துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவில் இழுபட்டிருக்கிறதா? இழுபட்டிருந்தால் அது மணல் ஏற்றின மெசின். புழுதி உழவு, சேற்றுழவு, மணல் ஏற்றல் மூன்றிலும் மீற்றர் ஒரே 100 மணியைக் காட்டலாம், மெசின் தேயும் இடம் மூன்றிலும் வேறு. மணலில் கிளச்சும் கியரும் போகும். இரும்புச் சில்லு பூட்டிச் சேற்றில் இறங்கினவற்றில் பின் அச்சு சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். 35, 135 வகைகளில் கியர், டிப்ரென்சல், தூக்கும் பம்ப் எல்லாம் ஒரே ஒயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. ஆகவே அந்த ஒயிலின் அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால், பம்ப் வரைக்கும் சேதம் போயிருக்கலாம்.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றுவார்கள். மூச்சு விடுவது போல் புகை அடித்தால் பிஸ்டன் வளையம் போய்விட்டது. கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு பீடி பற்றவைப்பார்கள். பீடி முடியுமுன் கலப்பை தரைக்கு வந்தால் தூக்கும் பகுதியில் கசிவு. இவற்றுக்கு மீற்றரும் தேவையில்லை, கலைச்சொல்லும் தேவையில்லை.

பழையதா புதியதா என்று நண்பர் தனிமடலில் கேட்டதற்கு என் பதில்: ஒயில் சுத்தமாக இருக்கும் பழைய மாசியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். உதிரிப்பாகம் வவுனியாவிலேயே கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரிலேயே இருப்பார். புதியதில் பவர் ஸ்டியரிங்கும் ஒயிலில் மூழ்கிய பிறேக்கும் சுகம்தான், சேறு பிறேக்குக்குள் போகாது. ஆனால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவருடைய கையேட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் ஆரம்பகாலத் தோட்ட வண்டிகள், 1961இல் வந்த கப் கடெட், 1963இல் வந்த ஜோன் டியர் 110 போன்றவை, பலவற்றில் மணி எண்ணும் கருவியே இராது. எங்கள் இரண்டு சில்லு உழவு மெசினான லேண்ட்மாஸ்டரும் அப்படித்தான். பிந்திய தோட்ட வண்டிகளில் வருவது மின் மீற்றர். ஆகவே அவருக்கு உடனடியாக வேண்டியது கடிகாரமணி மட்டும். அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாம்: "புதிய வண்டியில் கடிகாரமணியைப் பாருங்கள், பழையதில் மீற்றர் இருந்தால் அது சுற்றுமணியா, கேபிள் வேலை செய்கிறதா என்று கேளுங்கள், மீற்றரே இல்லாவிட்டால் பெடலையும் துளையையும் பாருங்கள்."

சொற்பட்டியலுக்கான வரைவு:

ஓட்டமணி – எஞ்சின் ஓடிய அளவை மணிக்கணக்கில் சொல்வது.
சுற்றுமணி – குறித்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குரிய சுற்றுகளை ஒரு மணியாகக் கொண்ட ஓட்டமணி.
கடிகாரமணி – வேகம் எதுவானாலும் நேரத்தை மட்டும் எண்ணும் ஓட்டமணி.

தமிழக நண்பர்கள் 'மீற்றர்' என்பதை மீட்டர் என்று மாற்றிக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. பின் தண்டுக்கு (நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்வது) 'விசை எடுப்பு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதில் எனக்குச் சம்மதம் இல்லை, ஆனால் அதை இதற்குள் குழப்ப வேண்டாம், வேறு இழை தொடங்குங்கள்.